ஆண் கொசு கடிக்காது

அந்த வீட்டில் சின்னவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை யாரும் முழு வாக்கியமாகச் சொன்னதே கிடையாது. யாராவது கேட்டால் அம்மா "ஆராய்ச்சி" என்பாள். எதில் ஆராய்ச்சி என்று கேட்டால் "மலேரியாவில்" என்பாள். அதற்கு மேலும் துருவுகிற ஆட்களிடம், அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அடுப்பு பற்றவைத்தே இருக்காது.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. பெற்ற மகள், முப்பதைத் தாண்டியும் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறவள், தினமும் நுண்ணோக்கிக்குள் கண்ணை நுழைத்துக்கொண்டு ஆண் கொசுவின் விந்தணு எப்படி வளர்கிறது என்று பார்க்கிறாள் என்பதை எந்த வாயால் சொல்வது?

ஒருமுறை எதிர்வீட்டுக்காரி விடாப்பிடியாகக் கேட்டபோது சின்னவளே உட்கார்ந்து விளக்கினாள். மலேரியாவைப் பரப்புவது பெண் கொசு. ஆண் கொசு கடிக்காது. இனிப்புத் தண்ணீர் கிடைத்தால் போதும் என்று காலத்தை ஓட்டுகிற சாது. இந்த வகைப் பெண் கொசு பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஆணோடு சேரும். அன்று கிடைத்த விந்தணுவை உடம்புக்குள் ஒரு குட்டிப் பையில் பத்திரப்படுத்தி, முட்டை போடும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்படி வந்து வாய்க்கிற மாப்பிள்ளையிடம் விந்தணுவே இல்லையென்றால், போட்ட முட்டை ஒன்றும் பொரிக்காது. கொசு குறையும், காய்ச்சல் குறையும்.

எதிர்வீட்டுக்காரி வாயில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "பாவம், அந்தப் பொண்ணு கொசு" என்றாள். அதற்குப் பிறகு அவள் சின்னவளிடம் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணன் மட்டும் தாராளமாகப் பேசுவான். "கொசுவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ற டாக்டரம்மா வந்தாச்சு, தட்டு வைங்க" என்பான், சாப்பிட உட்கார்ந்தால். தான் சொன்னதற்குத் தானே சிரிப்பான். அவனுக்குத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை. ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான் என்று தெருவில் பெயர் எடுத்திருந்தான். அடுத்தவர் மோட்டாரைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

அவனுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம். குழந்தை இல்லை. கோளாறு எங்கே என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை; அண்ணியிடம்தான். அண்ணி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முகப்பில் நின்று, வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இப்போ தெளிவா தெரியுதா?" என்று கேட்பது வேலை. வீட்டுக்கு வந்ததும், அம்மா கலக்கிவைத்த ஏதோ ஒரு பொடியைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பது இன்னொரு வேலை. பொடியைப் பெரியம்மா சொல்லியிருப்பாள், அல்லது பெரியம்மாவின் சம்பந்தி சொல்லியிருப்பாள். கசப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நம்பிக்கை அம்மாவுக்கு.

"அண்ணனையும் ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டலாமே, அம்மா" என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள்.

"அவனுக்கென்ன? கல்லு மாதிரி இருக்கான்" என்றாள் அம்மா. "நம்ம வம்சத்துல ஆம்பளைங்க மேல அந்தப் பேச்சே வந்ததில்ல."

கல்லு மாதிரி இருப்பதற்கும் பிள்ளை பிறப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்க நினைத்து, சின்னவள் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அண்ணி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழெட்டு வருஷப் பயிற்சி.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வகத்தில் சின்னவளுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. கொசு முட்டைக்குள்ளேயே மெல்லிய ஊசியைச் செலுத்தி, விந்தணு வளர்ச்சிக்குத் தேவையான ஒரு மரபணுவை ஊமையாக்கும் வேலையில் அவள் வருஷக்கணக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், அப்படிப் பிறந்து வளர்ந்த ஆண் கொசு ஒன்றை அறுத்து, எள்ளைவிடச் சிறிய அதன் விந்தகத்தை ஒரு சொட்டு உப்புநீரில் வைத்து நசுக்கினாள். சாதாரணக் கொசுவாக இருந்தால், நசுக்கியதும் உள்ளேயிருந்து தலைமுடிக் கற்றை அவிழ்வது போல விந்தணுக்கள் நெளிந்து வெளியே வரும். இதில் எதுவும் நெளியவில்லை. வளர்ச்சியின் பாதி வழியில் நின்றுபோன உருண்டை அணுக்கள் மட்டும் கும்பலாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கும் வால் முளைக்கவில்லை.

அவள் கூப்பிட்டதும் ஆய்வக இயக்குநர் ஓடி வந்து பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை. இந்த ஆராய்ச்சியை நிறுத்திவிடலாம் என்று மட்டும் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்து, தன் விடாமுயற்சியைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். சின்னவள் இனிப்பை இரண்டாவது தடவையும் எடுத்துக்கொண்டாள். உரைக்கு அது ஈடாகும் என்று தோன்றியது.

அதற்குச் சில நாட்கள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அண்ணன் ஆய்வகத்துக்கு வந்து நின்றான். அதுவரை அந்த வாசலை அவன் மிதித்ததில்லை. கையில் ஒரு துணிப்பை. கொசு வளர்க்கும் அறைக்குள், வலைக்கூண்டு வரிசைகளுக்கு நடுவே நுழைந்தவன், தப்பித்துப் பறந்த ஒரு கொசுவைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் கையை ஓங்கினான்.

"அடிக்காதே! அது ஆண்!" என்று கத்தினாள் சின்னவள்.

கையை இறக்கினான். சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை என்று உறுதியானதும், "ஒரு சின்ன உதவி" என்றான்.

"சொல்லு."

"உங்ககிட்ட பெரிய பூதக்கண்ணாடி இருக்குல்ல. அதுல ஒண்ணு பாக்கணும்." பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜாம் பாட்டிலை எடுத்தான். "வேற ஒண்ணுமில்ல. என்னோடது. நீ எப்படியும் தினம் இதத்தான பாக்குற..."

சின்னவளுக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் பின்னால் நகர்ந்து ஒரு கூண்டில் இடித்துக்கொண்டாள்.

"உள்ளே வை. இப்பவே உள்ளே வை. நான் உன் தங்கச்சி!"

"அதனாலதான் உன்கிட்ட வந்தேன். வெளியாள்கிட்ட போக முடியுமா?"

"நான் கொசுவுக்குத்தான் பாக்குறேன், அண்ணா. மனுஷங்களுக்கு டாக்டர் இருக்காங்க."

"டாக்டர்கிட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிடும்."

"அண்ணியக் கூட்டிட்டு எத்தனை டாக்டர்கிட்ட போனீங்க? ஊருக்குத் தெரியலையா?"

"அது வேற."

"எது வேற?"

அவன் கூண்டுக்குள் பார்த்தான். சின்னவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரவைத்தாள்.

"உன் கடைக்கு ஒருத்தர் வர்றார். மோட்டார் நல்லா ஓடுது, ஆனா குழாயில தண்ணி வரலங்கிறார். நீ என்ன பண்ணுவ? ஏழு வருஷம் குழாயத் திட்டிட்டு இருப்பியா?"

"மோட்டார எவனாவது பாக்காம இருப்பானா?" என்று வேகமாகச் சொன்னவன், சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த வாரம் நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனான். அதுநாள்வரை அவன் தலையில் ஹெல்மெட்டை யாரும் பார்த்ததில்லை. அன்று வண்டியில் ஏறியதிலிருந்து, காத்திருக்கும் அறையில் பெயரைக் கூப்பிடும்வரை, அவன் அதைக் கழற்றவில்லையாம். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னான்.

முதல் பரிசோதனையில் விந்தணு ஒன்றுகூட இல்லை. ஒருவேளை வழியில் அடைப்பாக இருக்கலாம் என்று விந்தகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. அந்தப் பரிசோதனையின் முடிவைக் கேட்டுக்கொண்டு நேராக ஆய்வகத்துக்கு வந்தவன், சொட்டச் சொட்ட நனைந்து, அதே முக்காலியில் உட்கார்ந்தான்.

"அடைப்பு இல்லையாம்" என்றான். "உள்ளேயே சரியா வளரலையாம். உருண்டையா வர்ற வரைக்கும் வருதாம், அப்புறம் அப்படியே நின்னுடுதாம். வால் முளைக்கிறதே இல்லையாம். டாக்டர் படம்கூட காட்டினார். எனக்கு ஒண்ணும் புரியல."

சின்னவளுக்குப் புரிந்தது. அந்தப் படத்தை அவள் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. கண்ணை மூடினாலே தெரிந்தது. கும்பலாக உட்கார்ந்திருந்த அந்த உருண்டைகளைப் பார்த்துத்தான் போன மாதம் துள்ளிக் குதித்தாள். அதற்காகத்தான் இரண்டு இனிப்பு தின்றாள்.

"அப்ப நான் ஆம்பளையே இல்லையா?" என்று கேட்டான் அண்ணன். சாப்பாட்டு மேஜையில் சிரிக்கிறவன் குரல் அது இல்லை.

அவள் அவனை ஒரு கூண்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். "இதுல இருக்கிற ஆண் ஒண்ணுக்கும் விந்தணு கிடையாது. பாரு, எப்படிப் பறக்குதுன்னு. கூட்டமா சேர்ந்து ஆடுது, ஜோடி தேடுது, சேருது. ஒரு குறையும் இல்ல. அணு வேற, ஆம்பளத்தனம் வேற."

"கொசுவோட என்னைச் சேக்குறியா?"

"கொசுகிட்ட ஒரு நல்ல குணம் உண்டு, அண்ணா. முட்டை பொரிக்கலன்னு பொண்ணுக்குப் பொடி கலக்கிக் குடுக்காது."

அவன் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "அவகிட்ட நானே சொல்றேன். நேரம் பாத்துச் சொல்றேன். நீ வாயத் திறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றான். நனைந்த சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அவள் சத்தியம் பண்ணிவிட்டாள். பின்னால் அதை நினைத்து அவள் வருந்தாத நாளில்லை.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் வரவே இல்லை. காலையில் அண்ணி அவசரத்தில் இருப்பாள். ராத்திரி களைப்பாக இருப்பாள். விடுமுறை நாளில் சந்தோஷமாக இருப்பாள். சந்தோஷமாக இருக்கிறவளிடம் போய் எப்படிச் சொல்வது? இப்படியாக அவன் மனைவியின் நலனை முன்னிட்டுத் தள்ளிக்கொண்டே போனான். பொடி மட்டும் தள்ளிப்போகவில்லை. ஒருநாள் அண்ணி குவளையை வாயில் வைக்கும்போது அண்ணன் எழுந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். சின்னவள் அவனையே பார்த்தாள். அவன் திரையில் ஓடிய சோப்பு விளம்பரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்தான்.

அப்போதுதான் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு மருத்துவமனையைக் கண்டுபிடித்துச் சொன்னார். வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டுப் பார்ப்பார்களாம். எங்கே குறையென்று சினிமா மாதிரி காட்டிவிடுமாம். அம்மா உடனே நாள் வாங்கிவிட்டாள். அண்ணி மறுப்புச் சொல்லவில்லை. "இதோட முடியட்டும், அத்தை" என்றாள்.

"சொல்லிட்டியா?" என்று சின்னவள் அண்ணனை மாடிப்படியில் மடக்கினாள்.

"இன்னைக்குச் சொல்லிடுவேன்."

"அவங்க வயித்தக் கிழிக்கப் போறாங்க."

"சின்ன துளைதானாம்" என்றான் அண்ணன். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

குறித்த நாளில் நாலு பேருமாகப் போனார்கள். அம்மா வழிகாட்ட, அண்ணி கையெழுத்துப் போட, அண்ணன் பணம் கட்ட. சின்னவள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவளே வாடகை வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டாக்டரம்மாவின் அறையில் இரண்டு நாற்காலிதான் இருந்தன. அம்மாவும் அண்ணியும் உட்கார, மற்ற இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

டாக்டரம்மா பழைய பரிசோதனைகளை எல்லாம் புரட்டினார். எல்லாம் அண்ணியுடையவை. "இதுல எதுலயும் குறை இல்லையே" என்றார். "வீட்டுக்காரருக்குப் பாத்தீங்களா?"

"அவனுக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அம்மா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றவனைப் பார்த்தார். அறையில் மின்விசிறி மட்டும் கடகடத்தது. அண்ணன் அதை நிமிர்ந்து பார்த்தான். அதில் என்ன கோளாறு என்று யோசிப்பவன் போல.

சின்னவளால் அதற்கு மேல் முடியவில்லை. "டாக்டர், நான் ஆய்வகத்துல கொசுவுக்கு இந்த வேலைதான் பாக்குறேன்" என்றாள். "முட்டை பொரிக்கலன்னா நாங்க முதல்ல ஆணத்தான் பாப்போம். கொசுவுக்கே அந்த மரியாதை உண்டு."

"இவ எதுக்கு இங்க கொசுவ இழுக்குறா?" என்று அம்மா திரும்பினாள்.

"எனக்குத்தாம்மா" என்றான் அண்ணன்.

"என்ன உனக்கு?"

"குறை எனக்குத்தான். பாத்துட்டேன். விந்தணு இல்ல. ஒண்ணுகூட இல்ல." இன்னும் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னான்.

அம்மா சின்னவள் பக்கம் திரும்பினாள். "எல்லாம் உன்னாலதான்! அந்தக் கருமத்தையெல்லாம் நோண்டிட்டு, அதே கையோட வீட்டுக்கு வர்ற. அது அவன்மேல ஒட்டிக்கிச்சு!"

டாக்டரம்மா அது அப்படி ஒட்டாது என்று சொல்ல முயன்றார். அம்மா காதில் வாங்கவில்லை. ஏழெட்டு வருஷமாக ஒருத்தியின் தலைமேல் வைத்திருந்த பாரத்தை இறக்கிவைக்க வேறொரு தலை வேண்டியிருந்தது. அது மகன் தலையாக இருக்க முடியாது.

அண்ணி மட்டும் அசையவில்லை. கணவனைப் பார்த்து, கடையில் கேட்கிற அதே நிதானத்தோடு கேட்டாள். "எப்ப தெரிஞ்சுது?"

"மழை ஆரம்பிச்சப்போ."

"அதுக்கப்புறமும் நான் பொடி குடிச்சேன்."

அண்ணி சின்னவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு?"

சத்தியம், நேரம், அண்ணனின் நனைந்த சட்டை என்று சொல்வதற்கு என்னென்னவோ இருந்தது. "தெரியும், அண்ணி" என்று மட்டும் சொன்னாள் சின்னவள்.

"நீ அவருக்குத் தங்கச்சி. அது எனக்கு இப்பதான் ஞாபகம் வருது" என்றாள் அண்ணி. எழுந்து, டாக்டரம்மாவிடம் நன்றி சொல்லி, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வீடு திரும்பும்போது வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தார்கள்.

அதற்குப் பிறகு பல நாட்கள் அண்ணி சின்னவளிடம் பேசவில்லை. கணவனிடமாவது உப்பு எங்கே, சாவி எங்கே என்று கேட்டாள். சின்னவளிடம் அதுவும் இல்லை. ஆய்வகத்தில் சின்னவளால் அந்த உருண்டை அணுக்களைப் பழைய உற்சாகத்தோடு பார்க்க முடியவில்லை. இயக்குநரோ வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றில் அவற்றைப் பற்றிப் பேசி, கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர் குடித்து முடித்ததும், அண்ணி அண்ணனின் கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பெரியம்மாவுக்குப் போடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"பொடி குடுத்தாங்கல்ல. ஏன் பலிக்கலன்னு அவங்களுக்குத் தெரியவேணாமா? உங்க வாயாலயே சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி போடுங்க."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று எழுந்தாள். "அத்தை, அடுப்பு எரியல. உக்காருங்க" என்றாள் அண்ணி. அம்மா உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

பெரியம்மாவிடம் சொல்லும்போது அண்ணனுக்கு மூன்று தடவை இருமல் வந்தது. பெரியம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அடப் போடா, இதுக்கா இவ்ளோ மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டுப் பேசுற? இந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம்" என்றாள். ஏழெட்டு வருஷமாகச் சாபமாக இருந்தது, ஆள் மாறியதும் சகஜமாகிவிட்டது. அண்ணி அடுத்துப் போடச் சொன்ன சம்பந்தியும் அப்படியே சொன்னாள். "குழந்தை இருந்தாத்தான் வாழ்க்கையா?" என்று கூடுதலாகவும் கேட்டாள். இதே சம்பந்திதான் ஒருகாலத்தில் தன் வீட்டு வளைகாப்பு மாதிரியான நல்ல காரியங்களுக்கு அண்ணியைக் கூப்பிடாமல் விட்டவள். அண்ணி ஒவ்வொரு பதிலையும் முகம் மாறாமல் கேட்டாள். அண்ணனுக்கு ஐந்தாவது ஆளிடம் பேசும்போது இருமல் நின்றிருந்தது. வார்த்தை நேராக வந்தது. "எனக்குத்தான் குறை. அவளுக்கு ஒண்ணும் இல்ல. நாங்கதான் அவளப் படுத்திட்டோம்" என்றான். கடைசி வாக்கியத்தை அண்ணி சொல்லச் சொல்லவில்லை.

கடைசியாக மாமா. முழுவதும் கேட்டுவிட்டு, குரலைத் தணித்து, "நீ போன ஆஸ்பத்திரி எங்கே இருக்கு? நம்ம பையனுக்குக் கேக்குறேன். வேற யாருக்கும் தெரியவேணாம்" என்றார்.

மேஜையைச் சுற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாள் என்று நினைத்து அண்ணன் பதறினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவளைப் பார்த்துத்தான் சிரித்தாள். சின்னவளும் சிரிக்க ஆரம்பித்த பிறகு இருவராலும் நிறுத்த முடியவில்லை. "ஹெல்மெட் மாட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் சின்னவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அண்ணி சில மாதங்கள் தன் அக்காவின் வீட்டில் தங்கி அங்கிருந்தே வேலைக்குப் போய்வந்தாள். அண்ணன் சாயங்காலமானால் கண்ணாடிக் கடை வாசலில் போய் நின்றான். முதலில் அவளைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவிட அனுமதி கிடைத்தது, பிறகு தேநீருக்கு. சின்னவளிடம் அண்ணி மறுபடியும் பேசினாள், சிரித்தாள். ஆனால் முக்கியமான எதையும் சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணம் பின்னாலும் மறையவில்லை. சின்னவளும் அதைப் பார்க்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணனும் அண்ணியும், நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தையைக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்துக்கொண்டு வந்தார்கள். முடிவை அண்ணி எடுத்தாள். அண்ணன் கடையை நாலு நாள் பூட்டிவிட்டு வீட்டில் தொட்டில் கட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தான். குழந்தை தொட்டிலில் படுக்கும் வயதைத் தாண்டிவிட்டது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அம்மா முதல் நாள் தள்ளியே நின்றாள். இரண்டாம் நாள் குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரி எட்டிப்பார்த்தபோது, வாசலுக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"மூக்கப் பாரு. அப்படியே எங்க வம்சத்து மூக்கு" என்றாள் அம்மா.